சந்தா கட்டுவது பெண்கள், கையெழுத்துப் போடுவது யார்?

2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு நகரத்தின் நடுச்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் கொளுந்து பறிப்பவர்கள். பெரும்பாலோர் தமிழர்கள், சில தலைமுறைகளுக்கு முன் பிழைப்புக்காக மலையேறியவர்களின் வாரிசுகள். நிர்வாகம் போனஸை 10 சதவீதமாகக் குறைத்திருந்தது. அவர்கள் 20 சதவீதம் கேட்டார்கள். 232 ரூபாயாக இருந்த நாள் கூலியை 500 ஆக்கச் சொன்னார்கள்.

மூணாறுக்கு வேலைநிறுத்தம் புதிதல்ல. இந்த முறை அவர்களின் கோபம் நிர்வாகத்தோடு நிற்கவில்லை என்பதுதான் புதிது. ஏஐடியுசி, ஐஎன்டியுசி, சிஐடியு என்று எந்தச் சங்கத்தின் கொடிக்கும் அங்கே இடமில்லை. சமாதானம் பேச வந்த தலைவர்கள் விரட்டப்பட்டார்கள். உள்ளூர் சட்டமன்ற உறுப்பினருக்கும் அதே கதி. சங்க அலுவலகங்கள் மீதும் கோபம் பாய்ந்தது. வீட்டு ஆண்களைக்கூட ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அந்தச் சாலையில்தான் பிறந்தது. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் கேரள முதல்வர் உம்மன் சாண்டி முன்னிலையில் பேச்சு நடந்தது. சட்டப்படியான 8.33 சதவீத போனஸோடு 11.67 சதவீதக் கருணைத் தொகையும் சேர்த்து, கேட்ட 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதை வீரக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் அதிகம். எனக்கு அதற்கு அடுத்த மாதம் நடந்தது முக்கியமாகப் படுகிறது. போனஸ் பிரச்சினை தீர்ந்தாலும் கூலி பாக்கி இருந்தது. கேரளத்தில் தோட்டக் கூலியை முடிவு செய்வது அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என்ற முத்தரப்பும் உட்காரும் தோட்டத் தொழிலாளர் குழு. பெம்பிளை ஒருமை அப்போது அங்கீகாரம் பெற்ற சங்கம் அல்ல. அதனால் அந்தக் குழுவில் அதற்கு நாற்காலி கிடையாது. சாலையில் உட்கார்ந்தவர்கள் வெளியே நிற்க, அவர்கள் விரட்டியடித்த சங்கங்களின் தலைவர்கள்தான் உள்ளே போனார்கள். 500 கேட்ட கூலி 301-ல் நின்றது.

அந்தப் பெண்கள் உள்ளே இருந்திருந்தால் 500 கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. தேயிலைச் சந்தை நிலவரம், நிறுவனத்தின் கணக்கு என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால், ஒரு நாள் கூலிக்கு 21 கிலோ கொளுந்து கணக்குக் காட்ட வேண்டும் என்பதையும், அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்பதையும் தன் முதுகில் சுமந்து அறிந்தவர் ஒருவராவது அந்த அறையில் இருந்திருக்க வேண்டாமா? மழைக்காலத்தில் கொளுந்து கொழித்து வரும்போது ஒருத்தி எத்தனை கிலோ பறிப்பாள், வெயில் காலத்தில் அதே 21 கிலோவுக்கு எத்தனை மணி நேரம் சரிவில் ஏறி இறங்குவாள் என்பது பத்து வருடம் கூடை சுமந்தவளுக்கு விரல் நுனியில் இருக்கும். கூலி ஒப்பந்தத்தின் உயிர்நாடி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இந்தப் பெண்கள் சங்கத்துக்குப் புதியவர்களும் இல்லை. ஆண்டுக்கணக்கில் சந்தா கட்டியவர்கள், ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தவர்கள். பிறகு ஏன் அவர்களில் ஒருவர்கூடப் பேச்சுவார்த்தைக்குப் போகும் இடத்துக்கு வளரவில்லை?

சங்கங்களில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: “பெண்கள் முன்வருவதில்லை.” ஒன்பது நாள் நெடுஞ்சாலையை மறித்தவர்களைப் பார்த்த பிறகும் இதைச் சொல்ல முடிகிறது என்றால், முன்வருவதற்கான வழி எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை என்றே அர்த்தம். கமிட்டிக் கூட்டம் மாலை ஆறு, ஏழு மணிக்கு டவுனில் நடக்கும். எஸ்டேட் பெண் அந்த நேரத்தில் லயத்துக்குத் திரும்பி, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள். கூட்டம் முடிந்து திரும்ப ஜீப் கிடைக்காது. மாநாடு என்றால் இரண்டு மூன்று நாள் வெளியூர். கைக்குழந்தையை யாரிடம் விடுவது? கூட்டத்துக்குப் போகாதவர் கமிட்டிக்கு வர முடியாது. கமிட்டிக்கு வராதவருக்குப் பொறுப்புக் கிடைக்காது. பொறுப்பில் இல்லாதவரை நிர்வாகத்தோடு பேச யார் அனுப்புவார்கள்? எந்தத் தலைவரும் பெண் வேண்டாம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டிய தேவையே இல்லை. கூட்டத்தின் நேரமும் இடமும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

இதற்கு ஈடாகக் கொடுக்கப்படுவது மகளிர் அணி. அணி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வெளியே பேசிப் பழகாத ஒருவருக்கு முதலில் வாய் திறக்க அது நல்ல இடம். ஆனால் அந்த இடத்திலேயே நிறுத்திவைக்கும் வேலியாகவும் அது ஆகிவிடுகிறது. மார்ச் 8 கூட்டம், வரவேற்புரை, கோரிக்கைப் பட்டியலின் கடைசியில் கழிப்பறையும் குழந்தைகள் காப்பகமும் என்று அதன் எல்லை குறுகிவிடுகிறது. கூலி, போனஸ், ஆட்குறைப்பு என்பவை ‘பொது’ விஷயங்களாம். அவற்றைப் பேசப் பொதுச் செயலாளர் போவார். ஆயிரம் பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் கூலியை விடப் பெரிய பெண்கள் பிரச்சினை எது?

அகமதாபாத்தின் கதையும் இதையே சொல்கிறது. அங்கே 1920-ல் ஜவுளித் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கியதில் முதன்மையானவர் அனசூயா சாராபாய். அந்தச் சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்துதான் 1972-ல் இலா பட்டின் முயற்சியில் ‘சேவா’ பிறந்தது. தலைச்சுமைக்காரர்கள், காய்கறி விற்பவர்கள், வீட்டிலிருந்து தைப்பவர்கள் என்று முதலாளி யார் என்றே காட்ட முடியாத பெண்களை அது திரட்டியது. முதலாளியே இல்லாமல் சங்கமா என்று பதிவாளர் முதலில் மறுத்தார். இலா பட் விடாமல் வாதாடிப் பதிவு வாங்கினார். ஆனால் 1981 இடஒதுக்கீட்டுக் கலவரத்தில் அவர் தலித்துகளின் பக்கம் வெளிப்படையாகப் பேசியதும் தாய்ச் சங்கம் சேவாவை வெளியேற்றியது. பிரிவாக இருந்தவரை அணைத்துக்கொண்டார்கள்; சொந்தமாக ஒரு நிலைப்பாடு எடுத்ததும் கதவு சாத்தப்பட்டது. சேவா அதற்குப் பிறகுதான் லட்சக்கணக்கான உறுப்பினர்களோடு வளர்ந்தது.

மேல்மட்டத்தில் மாற்றம் வரவில்லை என்று சொல்ல முடியாது. சிஐடியுவுக்கு 2016-ல் கே. ஹேமலதா தலைவரானார். ஏஐடியுசிக்கு 2017-ல் அமர்ஜீத் கௌர் பொதுச் செயலாளரானார். இரண்டிலும் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்கள் அவர்கள். ஏஐடியுசி தொடங்கியது 1920-ல் என்பதை நினைத்தால் இது எவ்வளவு தாமதம் என்பது தெரியும். ஆனாலும் டெல்லியில் ஒரு பெண் பொதுச் செயலாளர் இருப்பதால் எஸ்டேட் கமிட்டியிலும் மில் கேட் கூட்டத்திலும் தானாக எதுவும் மாறிவிடாது. மாற வேண்டியது அந்த அடிமட்டம்தான்.

அடிமட்டத்தில் மாறினால் என்ன நடக்கும் என்பதற்குத் திண்டுக்கல் சாட்சி. நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஜவுளியிலும் ஆயத்த ஆடையிலும் கணிசமானோர். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலையுண்டார்; அந்த ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். கொலையுண்டவர் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் உறுப்பினர். அந்தச் சங்கம் இரங்கல் கூட்டத்தோடு நிற்கவில்லை. ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளோடு கைகோத்து 2022-ல் ஆலையின் தாய் நிறுவனத்தோடும், அங்கே துணி வாங்கிய எச் அண்ட் எம், கேப், பிவிஎச் நிறுவனங்களோடும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது.

அந்த ஏற்பாட்டில் என் கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம். தையல் லைன்களில் வேலை செய்யும் பெண்களிலேயே சிலரைக் கண்காணிப்பாளர்களாகத் தேர்ந்து சங்கம் பயிற்சி கொடுத்தது. பக்கத்து மெஷினில் இருப்பவளிடம் சூப்பர்வைசர் அசிங்கமாகப் பேசினால், அதைச் சொல்ல சென்னைக்கோ மனிதவள அலுவலகத்துக்கோ போக வேண்டியிருக்கவில்லை. அதே லைனில் இருக்கும் இன்னொரு பெண்ணிடம் சொன்னால் போதுமாக இருந்தது. ஒப்பந்தத்தை ஆலை மீறினால் ஆர்டர் கொடுக்கும் நிறுவனங்கள் நடவடிக்கை எடுத்தாக வேண்டியிருந்தது. ‘பெண்கள் பிரச்சினை’ என்று ஓரங்கட்டப்பட்ட ஒன்றை ஒப்பந்தத்தின் மையத்துக்குக் கொண்டுவர முடிந்ததற்குக் காரணம், அதைத் தன் வாழ்க்கையில் அறிந்தவர்கள் கோரிக்கையை எழுதும் இடத்தில் இருந்ததுதான்.

தொழிலாளியை ஆண், பெண் என்று பிரித்தால் ஒற்றுமை குலையும் என்று மூத்த தோழர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் மூணாறில் ஒற்றுமையைக் குலைத்தது பெண்கள் இல்லை. தங்களுக்காகப் பேசுவதாகச் சொன்னவர்கள் நிர்வாகத்தோடு நெருங்கிவிட்டார்கள் என்று அவர்களை நம்பவைத்த பல ஆண்டுகள்தான் குலைத்தன. தனியே போன பெண்களுக்கும் அது முழு வெற்றி ஆகவில்லை. உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களை வென்றார்கள். பிறகு தலைவிகளுக்குள் பிளவு, இயக்கம் மெலிந்தது. கணக்கு எழுதவும், தீர்மானம் நிறைவேற்றவும், கருத்து வேறுபாட்டோடு ஒரே கமிட்டியில் இருக்கவும் பழகுவதற்கு அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் அவர்களுக்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. அந்தப் பழியில் பாதி பழைய சங்கங்களுடையது.

சட்டமும் பாதி தூரம்தான் வருகிறது. 2020-ன் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, நிறுவனங்களின் குறைதீர் குழுவில் பெண் தொழிலாளர் விகிதத்துக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. குறை கேட்கும் குழுவுக்கு அந்த விகிதம். கூலி பேசும் சங்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. இதற்கு நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு சங்கம் தன் அடுத்த மாநாட்டில் விதியைத் திருத்தி, நிர்வாகக் குழுவிலும் பேச்சுவார்த்தைக் குழுவிலும் உறுப்பினர் விகிதப்படி பெண்கள் என்று எழுதிக்கொள்ளலாம். உறவுக்காரப் பெண்களை நிறுத்திவிட்டு ஆண்களே பின்னால் இருந்து நடத்துவார்கள் என்று பயப்படுகிறவர்கள் நம் உள்ளாட்சிகளைப் பார்க்கட்டும். கணவர் கையெழுத்துக்குக் காத்திருந்த காலம் பல ஊர்களில் போய்விட்டது, தாங்களே அதிகாரிகளோடு மல்லுக்கு நிற்கும் தலைவிகள் வந்துவிட்டார்கள்.

கமிட்டிக் கூட்டத்தைச் சாப்பாட்டு இடைவேளையிலோ ஷிப்ட் முடிந்த கையோடு வேலையிடத்திலேயோ வைத்தால் கூடுதல் செலவு எதுவும் இல்லை. மாநாட்டுப் பந்தலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் இரண்டு ஆட்களும் இருக்கட்டும். நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கைப் படிக்கவும், 8.33-க்கும் 20-க்கும் நடுவே போனஸ் எப்படி முடிவாகிறது என்று கணக்குப் போடவும் எஸ்டேட்டுக்கு நான்கு பெண்களுக்காவது சங்கம் சொல்லிக்கொடுக்க வேண்டும். போனஸ் பேச்சுவார்த்தை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. வரும் பேச்சுக்கு ஐந்து பேர் போவதானால், அதில் மூன்று பேர் கொளுந்து பறிப்பவர்களாகவோ மெஷின் ஓட்டுபவர்களாகவோ இருக்கும் பெண்கள் என்று இப்போதே தீர்மானம் போட எந்தச் சங்கத்துக்கும் தடை இல்லை.