"தலை சுத்துது சார்" என்றால் ஓட விடாதீர்கள்!

காலை 6 மணி. மைதானத்தில் பள்ளி மாணவர்கள் ஓடுகிறார்கள். ஜோனல் போட்டிக்கு இன்னும் 10 நாள்தான். 3-வது ரவுண்டில் ஒரு பையன் நின்றுவிடுகிறான். நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறான்.

"சார், நெஞ்சு படபடங்குது. தலை சுத்துது..."

"ஒண்ணும் இல்லேடா! ராத்திரி பூரா செல்போன் பாத்தா இப்படித்தான். தண்ணி குடிச்சிட்டு ஓடு!"

சென்னையில் எந்த மைதானத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். பெரும்பாலும் மாஸ்டர் சொல்வது பலித்தும் விடுகிறது. பலிக்காத ஒரு நாள் வந்தால்?

வெறும் வயிறு

ஓடும்போது நெஞ்சு வேகமாக அடிப்பது நோய் அல்ல. 15 வயதுப் பிள்ளை முழு மூச்சில் ஓடினால் நிமிடத்துக்கு 200 தடவை வரை துடிக்கும். நின்றதும் படிப்படியாகக் குறைந்துவிடும்.

தலை சுற்றலுக்கும் சாதாரண காரணங்கள் உண்டு. காலையில் ஒரு டம்ளர் காபியோடு ஓட வருவது. வெயிலில் வியர்வை கொட்டியும் தண்ணீர் குடிக்காதது. ஓடி முடித்ததும் சட்டென்று நின்றுவிடுவது. அப்படி நின்றால் ரத்தம் காலில் தங்கி, மூளைக்குப் போவது குறைகிறது. அதனால்தான் ஓடி முடித்தவர் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

ரத்த சோகை இன்னொரு காரணம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்த சோகை. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியும் மாணவிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எப்போது ஆபத்து?

ஓடி முடித்த பிறகு அல்ல, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது. ஓடும்போது நெஞ்சு வலி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, சுவிட்ச் போட்ட மாதிரி திடீரென்று படபடப்பு தொடங்கி, திடீரென்று நிற்பது. குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருப்பது.

இதில் ஒன்று இருந்தாலும் அன்றோடு பயிற்சியை நிறுத்த வேண்டும். இருதயத் தசை தடித்திருக்கலாம். இருதயத்தின் மின் ஓட்டத்தில் பிறவிக் கோளாறு இருக்கலாம். வெளியே பார்த்தால் பிள்ளை கட்டுமஸ்தாகத்தான் இருப்பான்.

40 வினாடி

2024 ஜூன் 30-ந்தேதி. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் ஆசிய ஜூனியர் பாட்மிண்டன் போட்டி. சீன வீரர் ஜாங் ஜிஜியே ஆடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தார். வயது 17. மருத்துவக் குழு அவரிடம் போய்ச் சேர சுமார் 40 வினாடி ஆனது. நடுவர் அனுமதி இல்லாமல் ஆடுகளத்துக்குள் போகக்கூடாது என்று விதியாம்! அவர் பிழைக்கவில்லை.

அதற்கு முந்தின ஆண்டு, 2023 ஜூலை 24-ந்தேதி, அமெரிக்காவில் 18 வயது கூடைப்பந்து வீரர் பிரானி ஜேம்ஸ் பயிற்சியின்போது விழுந்தார். இருதயம் நின்றுவிட்டது. உடனே சிகிச்சை கிடைத்தது. பிழைத்தார். பிறவியிலேயே இருதயத்தில் கோளாறு என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. டிசம்பரில் மறுபடியும் ஆட வந்தார்.

எல்லோருக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை வருவதில்லை. எச்சரிக்கை வந்து, வாய் திறந்து சொல்கிற பிள்ளையையும் விரட்டலாமா?

ரப்பர் ஸ்டாம்பு

போட்டிக்குப் போக உடல் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பு குத்திக் கொடுத்தால் அது வெறும் காகிதம்தான்.

இத்தாலியில் 1982 முதல் போட்டி வீரர்களுக்கு ஈ.சி.ஜி.யோடு பரிசோதனை கட்டாயம். அங்கே வெனிட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்கு 3.6 என்று இருந்தது. 2004-க்குள் 0.4 ஆகக் குறைந்தது.

இங்கே எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுக்க முடியாது என்பார்கள். இருக்கட்டும். படபடப்பு, மயக்கம் என்று சொன்ன பிள்ளைக்காவது எடுக்கலாமே! வலி இல்லை. ஐந்து நிமிட வேலை. அரசு ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாம். ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் தொந்தரவு தொடர்ந்தால், டாக்டர் சொல்கிற மறு பரிசோதனையையும் தட்டிக் கழிக்கக்கூடாது.

விழுந்த பிள்ளை கூப்பிட்டும் அசையாமல், சரியாக மூச்சு விடாமல் கிடந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்கக்கூடாது. ஒருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். இன்னொருவர் நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி வந்து சேரும்வரை விடக்கூடாது. ஒவ்வொரு நிமிட தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. விளையாட்டு விழாவுக்குப் பந்தலும் மைக்செட்டும் வாடகைக்கு எடுக்கிறவர்கள், அந்தக் கருவி ஒன்றுக்கும் ஏற்பாடு செய்யலாம்.

கப் அடுத்த வருஷமும் வாங்கலாம். "தலை சுத்துது" என்று சொன்ன பையனை முதலில் உட்கார வையுங்கள், மாஸ்டர்!