குடவோலை கேட்ட கணக்கு

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லிப் பெருமை பேசாத மேடை உண்டா தமிழகத்தில்? உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால் போதும், "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடவோலை கண்டவன் தமிழன்!" என்று முழக்கம் எழும். கைதட்டல் தொடரும். மாலை விழும். கூட்டம் கலையும். கல்வெட்டில் எழுதியிருப்பது என்ன என்பதை மட்டும் எவரும் படித்துக் காட்டுவதில்லை. படித்துக் காட்டினால், மேடையில் வீற்றிருப்போரில் எத்தனை பேர் நாற்காலியை விட்டு எழவேண்டி நேரிடுமோ!

நாம் படிப்போம், தோழர்களே. பழமை என்பதற்காகப் பாராட்டவும் வேண்டாம். பழமை என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம். பகுத்தறிவு என்னும் உரைகல் கையில் இருக்கிறது, உரைத்துப் பார்ப்போம்.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர் உத்திரமேரூர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை அந்த விதிகள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பொறுப்புகள் பகிரப்பட்டன.

எவருக்கு அந்தத் தகுதி? அங்கேதான் பல்லிளிக்கிறது பழமை! 921-ஆம் ஆண்டு விதிப்படி, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்கவேண்டும், வேதம் கற்றிருக்கவேண்டும். அது சதுர்வேதிமங்கலம், அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். உழுதவன் பெயர் ஓலையில் இல்லை. பெண்ணின் பெயர் இல்லை. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனின் நிழல்கூட அந்தக் குடத்தின்மேல் விழவில்லை. இதற்கு மக்களாட்சி என்று பெயர் சூட்டுவது, பூட்டிய வீட்டுக்குச் சத்திரம் என்று பலகை மாட்டுவதாகும்.

ஆனால் அதே சுவரில், மேடைப் பேச்சாளர்கள் தொடாத வரிகளும் இருக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன், மீண்டும் வாரியத்துக்கு வரக்கூடாது. அவன் மட்டுமா? அவன் தந்தை வரக்கூடாது; மகன் வரக்கூடாது; உடன்பிறந்தான் வரக்கூடாது; மாமனார், மைத்துனன், மருமகன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன் எவனும் வரக்கூடாது. உறவுமுறையை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொரு கதவையும் சாத்தியிருக்கிறார்கள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவனுக்கும் இடமில்லை.

என்ன பொருள் இதற்கு? வேதம் கற்றவன் தவறு செய்யமாட்டான் என்று வேதம் கற்றவர்களே நம்பவில்லை! சாத்திரத்தை ஊருக்குச் சொன்னார்கள். தங்களுக்குள் மட்டும் கணக்குக் கேட்டார்கள். பொதுப்பணம் கைமாறும் இடத்தில் பக்தி காவலாகாது, நல்ல குலம் காவலாகாது, கணக்குத்தான் காவல் என்பதைக் கல்லில் வெட்டி ஒப்புக்கொண்டார்கள். அந்த வரிகளை எடுத்துக்கொள்வோம். மற்றவற்றை அருங்காட்சியகத்துக்கு அனுப்புவோம்.

இனி இன்றைய ஊருக்கு வருவோம். செங்கற்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம் மணலும் மனையாயிற்று. மாமல்லபுரத்தின் கற்கோயில்கள் 1984-ல் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. நாள்தோறும் ஊர்தி ஊர்தியாக மக்கள் வந்து இறங்கும் ஊர். நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாதென்கிறது 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். கடலோரத்துக்கோ தனி விதிகள். தடை மிகுந்த இடத்தில் அனுமதிச் சீட்டு ஒன்று பொன்னுக்குச் சமம் அன்றோ!

அத்தகைய ஊர்களின் மன்றங்கள் என்னென்ன முடிவு செய்கின்றன? நுழைவுக் கட்டண வசூலை எவருக்குக் குத்தகைக்கு விடுவது, கடை எவருக்கு, குப்பை அள்ளும் ஒப்பந்தம் எவருக்கு, எந்தத் தெருவுக்கு முதலில் சாலை, எந்தத் தெருவுக்குக் கடைசியில் விளக்கு என்பனவெல்லாம் அந்த மேசைக்கு வருகின்றன. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர் விடுதி உரிமையாளராக இருக்கலாம். மனை வணிகராக இருக்கலாம். ஒப்பந்தக்காரரின் மைத்துனராக இருக்கலாம். எவரையும் சுட்டி இதைச் சொல்லவில்லை. எவரையும் சுட்டவேண்டிய தேவையே எழாதபடி விதி வேண்டும் என்றே சொல்கிறேன். தன் நலனும் ஊர் நலனும் மோதுமிடத்தில் ஒருவர் நடுவராக அமர்வதை நலன் முரண் என்பர். பெயர் புதிது, நோய் பழையது.

நான் பள்ளி ஆசிரியன். தன் பிள்ளை பொதுத்தேர்வு எழுதும் அறையில் எந்த ஆசிரியரும் கண்காணிப்பாளராக நிற்பதில்லை. அவர் நேர்மையற்றவர் என்பதாலா? இல்லை. அவர் நேர்மையாளர் என்று ஊர் நம்பவேண்டும் என்பதால். பத்து மதிப்பெண்ணுக்கு இவ்வளவு காவல்! பத்துக் கோடிக்கு?

இதில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. நம் இயக்கத்து இளைஞர் கூர்ந்து நோக்கவேண்டியது அதுவே. நம் நாட்டில் சொந்தம் என்பது என்ன? சாதிக்குள் கொள்வினை, சாதிக்குள் கொடுப்பினை. ஆதலால் சொந்தம் என்பது சாதிக்கு வீட்டுப் பெயர்! மைத்துனருக்குப் போகும் ஒப்பந்தம் சாதிக்குப் போகிறது. மருமகன் தெருவுக்கு முதலில் போடும் சாலை சாதித் தெருவுக்கு முதலில் போடும் சாலை. மன்றத்தில் மாமனும் மச்சானும் இல்லாத சேரிக்கும் மீனவர் குப்பத்துக்கும் குழாய் கடைசியில் வருகிறது. கோடையில் அதுவும் வருவதில்லை. 1921-ல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை பிறப்பித்து அலுவலகக் கதவைத் திறந்தது. முன்வாயிலில் திறந்த கதவை, பின்கட்டு வழியே உறவு சாத்துகிறது. கணக்குக் கேட்பதும் சாதி ஒழிப்புப் பணியே, தோழர்களே!

சட்டம் இல்லையா என்பர். இருக்கிறது! மன்றத்தோடு செய்த ஒப்பந்தத்தில் பங்குடையவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்று 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டமே சொல்லிற்று. 2023-ல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்திலும் தகுதியிழப்பு விதிகள் உண்டு. சட்டம் உறுப்பினரின் கையைக் கட்டுகிறது. ஒப்பந்தமோ பினாமியின் கையெழுத்தில் நடக்கிறது. வேட்புமனுவோடு சொத்து விவரம் தருகிறார் வேட்பாளர். வென்றபின் ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட்டு, ஊர் படிக்கும் பலகையில் ஒட்டப்படுகிறதா? உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு 2014-ல் சட்டம் வந்தது, நல்லது. ஆனால் அது தவறு நடந்தபின் நுழையும் வாயில். தவறு நுழையாமல் காக்கும் வாயில் எங்கே? உறுப்பினரை நீக்கும் அதிகாரமோ கோட்டையில் இருக்கிறது. கோட்டையும் மன்றமும் ஒரே நிறமானால் கண் மூடும். வேறு நிறமானால் கண் சிவக்கும்!

கோட்டையின் வாள் எப்படி வெட்டும் என்பதற்குச் சான்று வேண்டுமா? சென்னை மாநகராட்சியை 1959-ல் கைப்பற்றியது நம் இயக்கம். 1973-ல் அங்கே மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. வேலைக்கு வராதவர் பெயரில் கூலி எழுதிய ஊழல். மன்றம் கலைக்கப்பட்டது. மறுதேர்தல் எப்போது? 1996-ல்! திருடியவர் சிலர், தண்டனை பெற்றது நகரம். 23 ஆண்டுகள் வாக்குரிமை இழந்த குடிமக்கள் செய்த குற்றம் என்ன? இதை மறைக்கவேண்டியதில்லை. பிறரிடம் கணக்குக் கேட்கும் உரிமை, தன் வீட்டுக் கணக்கைத் திறந்துவைப்பவனுக்கே உண்டு. மன்றத்தைக் கலைப்பது மருந்தன்று. தலைவலிக்குத் தலையை வெட்டுவது அது. தவறியவரை மட்டும் விலக்கவும், ஊரின் உரிமையைக் காக்கவும் வல்லதே விதி.

வெள்ளையன் நாட்டிலும் இதே நோய் இருந்தது. நியூகாசில் நகரின் தலைவராக விளங்கிய டான் ஸ்மித்தும், கட்டடக் கலைஞர் ஜான் பௌல்சனும் ஒப்பந்த ஊழலில் 1974-ல் சிறை சென்றனர். அவர்கள் மன்றங்களை ஒழித்துவிடவில்லை; அடுத்த ஆண்டே உள்ளாட்சி உறுப்பினர்க்கு நடத்தை நெறி வகுத்தனர். 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் பொருள்நலனை மட்டுமன்றித் துணைவரின் பொருள்நலனையும் உறுப்பினர் பதிவேட்டில் எழுதவேண்டும். தக்க காரணமின்றி மறைத்தால் குற்றம்.

"சிறிய ஊர், எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், எவரைத்தான் விலக்குவது?" என்பர் சிலர். சிறிய ஊர் என்பதால்தான் விதி வேண்டும்! சொந்தம் இருப்பது குற்றமன்று. சொந்தத்தை மறைத்து வாக்களிப்பது குற்றம். "நம் கட்சிக்காரர், போகட்டும்" என்பர் வேறு சிலர். நம்மவர் என்பதால் கணக்குக் கேட்கவில்லை என்றால், அவர் நம்மவர் என்பதன்றி நமக்கு என்ன பயன்? 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் சட்டமாயிற்று. மனைவி பெயரில் நாற்காலி, கணவர் பெயரில் ஒப்பந்தம் என்று அதை மாற்றுவோர், பெண்ணுரிமையையும் கொள்ளையிடுகிறார்கள்.

நாம் கேட்பவை ஐந்து.

முதலாவது: ஒவ்வோர் உறுப்பினரும் உயர் அலுவலரும் தம் நிலம், தொழில், பங்கு, கடன் ஆகியவற்றையும், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், சம்பந்திகள் நடத்தும் தொழில்களையும் ஆண்டுதோறும் தமிழில் எழுதி, மன்ற வாயிலில் ஒட்டவேண்டும்.

இரண்டாவது: தன் உறவின் நலன் பேசப்படும்போது, உறுப்பினர் அதை வாய்விட்டுச் சொல்லி அரங்கைவிட்டு வெளியேறவேண்டும், நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறவேண்டும்.

மூன்றாவது: உறுப்பினரின் உறவினர் அந்த மன்றத்தில் ஒப்பந்தமோ குத்தகையோ எடுக்கக்கூடாது, பதவி முடிந்த மூன்றாண்டுகளுக்கு உறுப்பினரும் எடுக்கக்கூடாது.

நான்காவது: தன் பதவிக்கால விவரத்தை முழுமையாகப் பதியாதவர் அடுத்த தேர்தலில் நிற்கக்கூடாது.

ஐந்தாவது: முறையீட்டை விசாரிக்கக் கோட்டைக்கும் மன்றத்துக்கும் கட்டுப்படாத ஆணையர் ஒருவர் வேண்டும், குறித்த நாளுக்குள் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

இவை விண்ணிலிருந்து விழா. 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் கிடந்தன நம் நகரங்கள். 2022 பிப்ரவரியில் வாக்களித்துத்தான் அவற்றைப் பெற்றோம். வாக்களித்ததோடு வேலை முடிந்தது என்று வீடு திரும்பியவர் நாம். ஊராட்சிக்குக் கிராம சபை இருப்பதுபோல் நகரத்துக்கும் வார்டுக் குழுவும் ஏரியா சபையும் 2022-ல் விதியாயின. படிப்பகத்தில் கூடும் பத்து இளைஞர் அங்கே போகட்டும். சாலை போட்டவர் யார், அவருக்கு மன்றத்தில் உறவு யார் என்று எழுந்து கேட்கட்டும். விடை வராவிட்டால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, மனு எழுதட்டும்.

நிலமும் வேதமும் கேட்ட குடம் உடைந்தது; அந்தக் குடத்துக்காக அழவேண்டாம். அது கேட்ட கணக்கை மட்டும் எடுத்துவருவோம்: உழைப்பவன் கையில், பெண்ணின் கையில், சேரியின் கையில், குப்பத்தின் கையில் கொடுப்போம். கேட்கட்டும் அவர்கள். பதில் சொல்லட்டும் மன்றம்!