பார்லருக்கு இடம் பார்ப்பதும் வீடு பார்ப்பதும் ஒன்றல்ல

பெங்களூரில் நம் ஆட்கள் நாலு குடும்பம் இருக்கிற எந்தத் தெருவிலும், வீட்டிலேயே த்ரெடிங், ஃபேஷியல் செய்யும் ஒரு அக்கா கட்டாயம் இருப்பார். ஊரில் பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்தவர். கல்யாணமாகி இங்கே வந்து, பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனதும் ஹாலில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்டு ஆரம்பித்திருப்பார். ஒரு கட்டத்தில் ஹால் போதாது, தனியாக ஓர் இடம் எடுக்கலாம் என்ற பேச்சு வரும். ஆனால் இடம் பார்க்கக் கிளம்புவது அந்த அக்கா இல்லை, அவர் வீட்டுக்காரர். எனக்கு இதில்தான் சண்டை.

இந்த ஊரில் வீடு தேடித் தேடியே நம்மவர்களுக்கு ஒரு கண் பழகிவிட்டது. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, வெளிச்சம் வருமா, ஓனர் நல்ல மாதிரியா என்று பார்ப்பார்கள். பார்லருக்கு இதில் பாதி உதவாது. அங்கே நாள் முழுக்க நின்று வேலை பார்க்கப் போகிறவர் கேட்கிற முதல் கேள்வியே தண்ணீர். தலை அலசவும் பெடிக்யூருக்கும் நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும். போர் தண்ணீர் மட்டும் என்றால், உப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கடின நீரில் ஷாம்பு சரியாக நுரைக்காது, முடி வறண்டுபோகும். 2024 கோடையில் பெங்களூரில் போர்கள் வற்றி, லாரித் தண்ணீருக்கு ஜனங்கள் அலைந்தது நினைவிருக்கும். அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் என்ன செய்தார்கள் என்று மாடியில் குடியிருப்பவரிடம் விசாரியுங்கள். ஓனரிடம் கேட்டால் "நோ பிராப்ளம் சார்" என்றுதான் பதில் வரும்.

அடுத்தது கரண்ட். ஹேர் டிரையர் 2000 வாட், கீசர் 2000-க்கு மேல், ஒன்றரை டன் ஏ.சி. ஏறக்குறைய 1500. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் ஐந்து கிலோவாட்டைத் தாண்டும். பழைய வீட்டின் கீழ்த்தளத்தைக் கடையாக மாற்றியிருந்தால், அனுமதி வாங்கிய லோடு இரண்டோ மூன்றோதான் இருக்கும். இணைப்பும் வீட்டு இணைப்பாகவே இருக்கும். அதில் கடை நடத்தக் கூடாது. வணிக இணைப்புக்கு மாற்றுவது யார் செலவு என்பதை முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும்.

கீழ்த்தளம்தான் வேண்டும் என்று பல கணவர்கள் அடம்பிடிப்பதும் எனக்குப் புரிவதில்லை. பெண்களுக்கு மட்டுமான பார்லருக்கு முதல் மாடி நல்லது. வாடகை குறைவு, தெருவில் போகிறவன் எட்டிப் பார்க்க மாட்டான். கீழே ஒரு போர்டு இருந்தால் போதும் (அதில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், 2024-ல் சட்டமே திருத்தியிருக்கிறார்கள், நம் அக்காக்கள் பலர் கன்னடத்தில் வெளுத்து வாங்குவார்கள், அது பிரச்னையே இல்லை).

இனி பணம். இங்கே பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். வாடகை 20,000 என்றால் 2 லட்சம், வட்டியில்லாமல் அடுத்தவர் கையில். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் கடைகளுக்கு ஆறு மாதம்தான் உச்சம் என்கிறது. ஆனால் மாநிலம் தானாகச் சட்டமாக்கினால்தான் அது செல்லும். ஆனாலும் பேரம் பேசும்போது எடுத்துப்போட உதவும். அதைவிடப் பெரிய ஆபத்து பதினொரு மாத அக்ரிமென்ட். ஒரு வருடத்துக்கு மேல் போகும் குத்தகையை 1908 பதிவுச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பதினொன்று. குடியிருக்க அது பரவாயில்லை. பேசின், பைப் லைன், கண்ணாடி, டைல்ஸ் என்று இரண்டு மூன்று லட்சம் இறக்கிவிட்டு, வாடிக்கை பிடிக்கிற நேரத்தில் "என் மச்சானுக்கு இடம் வேண்டும்" என்று ஓனர் சொன்னால்? மூன்று வருடத்துக்குப் பதிவு செய்து வாங்குங்கள் என்பேன்.

ஜி.எஸ்.டி. பற்றியும் ஒரு வார்த்தை. வருட வரவு 20 லட்சம் தாண்டாதவரை பதிவு தேவையில்லை. "நம்பர் இருந்தா கெத்து" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அழகு நிலையச் சேவைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான், ஆனால் நாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. பதிவு செய்தபின் கடை வாடகைக்கு 18 சதவீதம் வந்தால், 20,000-க்கு மாதம் 3,600 நம் கையை விட்டே போகும்.

சரி, நான் சண்டை போடும் விஷயத்துக்கு வருகிறேன். அக்ரிமென்ட் யார் பெயரில்? "நான் கையெழுத்துப் போட்டா என்ன, அவ போட்டா என்ன, எல்லாம் ஒண்ணுதானே" என்பார்கள். ஒன்றல்ல. டிரேட் லைசன்ஸ், கடைப் பதிவு, 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும் முத்ரா கிஷோர் கடன் எல்லாவற்றுக்கும் இடத்துக்கான ஆதாரம் கேட்பார்கள். பத்திரம் கணவர் பெயரில் இருந்தால், தொழில் நடத்துகிறவர் ஒவ்வோர் இடத்திலும் அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கி நீட்ட வேண்டும். அட்வான்ஸ் பெரும்பாலும் அந்த அக்காவின் வளையலை அடகு வைத்துக் கட்டியதாக இருக்கும். திரும்பி வரும்போது கையெழுத்துப் போட்டவர் கணக்குக்குத்தான் வரும். புனேவுக்கு மாற்றல் வந்தால், "காலி பண்றோம்" என்று ஓனருக்குச் சொல்லும் உரிமையும் அவருக்குத்தான். ஏழெட்டு வருடம் ஹாலில் நின்று சேர்த்த வாடிக்கை ஒரு போன் காலில் போய்விடும்.

கணவர்கள் கூடப் போகட்டும், பேரம் பேசட்டும், வண்டி ஓட்டட்டும். கையெழுத்தையும் செக்கையும் அவரிடம் விடுங்கள். காலி செய்யும்போது எதையெல்லாம் கழற்றிக்கொண்டு போகலாம், பெயின்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்களா என்ற இரண்டையும் பத்திரத்தில் எழுதச் சொல்ல வேண்டியதும் அவர்தான். கழற்றப் போவது அவர் வாங்கிப் போட்ட பேசின்.