சுவரில் இருக்கிற வெள்ளக் கோடு

கண்டாவளைப் பக்கம் எங்கட பெரியம்மா வீட்டுப் பின்னறைச் சுவரில் ஒரு சேற்றுக் கோடு இருக்கிறது. 2018 மார்கழி வெள்ளம் விட்டுவிட்டுப் போனது.

அந்த வெள்ளத்தைப் பற்றிக் கதை வந்தால் இப்பவும் ஒரே கேள்விதான்: இரணைமடுவின் வான்கதவுகளைப் பிந்தித் திறந்தவையோ? தேவையான கேள்வி, விசாரணைக் குழுவும் போட்டார்கள். ஆனால் அடுத்த மாரிக்கு உதவுகிற கேள்வி வேறு. கதவு திறந்தால் தண்ணி எந்த ஒழுங்கைக்கு, எத்தனை மணித்தியாலத்தில், எத்தனை அடி வரும்?

இதை முன்கூட்டியே கணினியில் கணக்கிடலாம். வவுனியாப் பக்கம் தொடங்கி இரணைமடுவை நிரப்பிச் சுண்டிக்குளம் நீரேரிக்குப் போகிற கனகராயன் ஆற்றை எடுங்கோ. பெய்கிற மழையில் மண் குடிப்பது எவ்வளவு, மிச்சம் எப்போது குளத்துக்கு வரும் என்று ஹெக்-எச்எம்எஸ் சொல்லும். வான் பாய்கிற தண்ணி கீழே எப்படிப் பரவும் என்று ஹெக்-ராஸ் காட்டும். இரண்டும் அமெரிக்க இராணுவப் பொறியியல் படையணி உருவாக்கியவை, இரண்டும் இலவசம். ஆக, மென்பொருளுக்குக் காசில்லை என்ற சாட்டு செல்லாது.

சிக்கல் நிலத்தின் உயரத்தில்தான் இருக்கு. பலரும் பாவிக்கிற இலவசத் தரவு, 2000ஆம் ஆண்டு விண்ணோடம் ஒன்று ராடரால் அளந்தது. அதில் 30 மீற்றருக்கு 30 மீற்றர் நிலத்துக்கு ஒரே உயரம்தான். மரத்தோப்பையும் சில இடங்களில் மேடு என்று நினைத்துக்கொள்ளும். மலைநாட்டில் ஒரு மீற்றர் பிழையைப் பொறுக்கலாம். எங்கட வயல்வெளியில் அந்த ஒரு மீற்றர்தான் வீடு தாழுமா தப்புமா என்று தீர்மானிக்கிறது. மேலே இருக்கிற சின்னக் குளங்களையும் மொடலில் சேர்க்கவேணும். அவை நிரம்பினாலோ உடைந்தாலோ தண்ணி கீழேதான் வரும்.

‘மொடல் பிழைக்கும், ஊர்ச் சனத்துக்குத் தெரியாததையா கணினி சொல்லப்போகுது?’ என்று சிலர் கேட்பினம். பிழைக்கும்தான். அதுக்காகத்தான் அந்தக் கோடு வேணும். 2018 மழையைக் கொடுத்து மொடலை ஓட்டினால், அது காட்டுகிற நீர்மட்டம் பெரியம்மா வீட்டுச் சுவரோடு பொருந்தவேணும். பொருந்தாவிட்டால் மொடலைத்தான் திருத்தவேணும். சனத்தின் நினைவும் கணினியும் எதிரிகள் இல்லை.

ஆகவே என்ர கருத்து இதுதான். ஒவ்வொரு ஊரிலும் இளைஞர்கள் வெள்ளக் கோடுகளை அளந்து, இடத்தையும் திகதியையும் எழுதிவைக்கவேணும். அவற்றை நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்குறிகளோடு இணைப்பது பொறியியலாளர்களின் வேலை. வருகிற வரைபடம் அலுவலக அலுமாரிக்குள் தூங்கக்கூடாது. எந்தப் பாதை முதலில் மூடுப்படும், எந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கு என்று தமிழில் எழுதி, மாரிக்கு முதலே கிராம அலுவலர் கந்தோரில் ஒட்டவேணும்.

பெரியம்மா இந்தப் பொங்கலுக்குப் பின்னறைக்கும் பெயின்ற் அடிக்கப் போறாவாம். அதுக்கு முதல் நான் அளவுநாடாவோடு போகவேணும்.