நெய்யாற்றின்கரையில் கேட்காமல் விட்டது

2012 மார்ச் 9 அன்று கேரளத்தின் நெய்யாற்றின்கரை சட்டமன்ற உறுப்பினர் ஆர். செல்வராஜ் பதவியையும் மார்க்சிஸ்ட் கட்சியையும் ஒருசேர உதறினார். ஐக்கிய ஜனநாயக முன்னணியில் சேர்வது தற்கொலைக்குச் சமம் என்று அப்போது சொன்னவரும் அவர்தான். மூன்று மாதம் முழுதாகக் கழியவில்லை. ஜூன் 2 இடைத்தேர்தலில் அதே முன்னணியின் காங்கிரஸ் வேட்பாளராகக் கைச் சின்னத்தில் நின்று 6,334 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். முந்தைய ஆண்டுதான் இந்தத் தொகுதி அவரை இடதுசாரி வேட்பாளராக 6,702 வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்திருந்தது.

கட்சி மாறுவது அவரவர் உரிமை. கட்சிக்குள் தமக்கு அநீதி நடந்ததாகச் செல்வராஜ் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். நம் கோபம் பத்திரிகைகள் மீதும் தொலைக்காட்சிகள் மீதும்தான்.

140 பேர் கொண்ட கேரளச் சட்டமன்றத்தில் அந்த முன்னணியின் உம்மன் சாண்டி அரசு 72 இடங்களோடு பதவிக்கு வந்தது. அந்த நிலையில் எதிரணியின் ஒரே ஓர் உறுப்பினர் இந்தப் பக்கம் வந்தாலும் ஆட்சியின் ஆயுள் கூடும். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985 முதல் இருக்கிறது. ஆனால் பதவியை விட்டுவிட்டு மறுபடி தேர்தலில் நிற்பவரை அது தொடாது. அப்படியானால் யார் யாரோடு பேசினார்கள், எப்போது பேசினார்கள், மார்ச்சில் சொன்னது மே மாதத்துக்குள் மாறியது எதனால்? இதைத் தோண்டி எடுப்பதுதான் செய்தியாளரின் வேலை.

நமக்குக் கிடைத்ததோ சாதிக் கணக்கு. நாடார் வாக்கு எந்தப் பக்கம், அதில் கிறிஸ்தவர் எவ்வளவு, இந்து எவ்வளவு, பாஜக வேட்பாளர் ஓ. ராஜகோபால் பிரிக்கும் வாக்கால் யாருக்கு நஷ்டம் என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். தற்கொலைப் பேச்சு கேலிக்கு உதவியது. அதை வேட்பாளர் முன் வைத்துப் பதில் வரும்வரை விடாமல் கேட்கும் பிடிவாதத்தைக் காணோம்.

பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே, மே 4 அன்று, மார்க்சிஸ்ட் கட்சியை விட்டு விலகியிருந்த ஒஞ்சியம் தலைவர் டி.பி. சந்திரசேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கொடுமையை ஊடகங்கள் விடாமல் பின்தொடர்ந்தது நியாயம்தான். ஆனால் வாக்குப்பதிவு நாளன்று மார்க்சிஸ்ட் மூத்த தலைவர் அச்சுதானந்தன் சந்திரசேகரன் வீட்டுக்குப் போக, அவர் கைகளைப் பற்றிக்கொண்டு சந்திரசேகரனின் மனைவி ரமா கதறிய காட்சிதான் பெரிய செய்தியானது. நெய்யாற்றின்கரையில் வரிசையில் நின்ற வாக்காளருக்குத் தன் வேட்பாளரின் சொல் என்ன ஆனது என்பது கடைசி வரை தெளிவாகவில்லை.

'மக்களே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள், இனி என்ன?' என்பார்கள். இந்த வாதம் நமக்கு ஏற்புடையதல்ல. விசாரணை நடக்காத வழக்கில் வந்த தீர்ப்பு அது. வெற்றியைப் பார்த்ததும் பொய்யை மன்னித்துவிடும் பத்திரிகை, அடுத்த பொய்க்கும் இடம் கொடுக்கிறது. 2019இல் கர்நாடகத்தில் சட்டமன்ற உறுப்பினர்கள் பலர் விலகியபோதும் தொலைக்காட்சிகளில் ஓயாமல் ஓடியது பெரும்பான்மைக் கணக்குதான்.

நெய்யாற்றின்கரைத் தொகுதியின் செங்கல், காரோடு, குளத்தூர்க்காரர்கள் மலையாளப் பத்திரிகையும் படிக்கிறார்கள், எல்லை தாண்டி வரும் தமிழ்ப் பத்திரிகையும் படிக்கிறார்கள். அங்குள்ள பொழியூரில் கடல் வீடுகளைத் தின்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் அங்கே வந்து தடுப்புச்சுவர் கட்டித் தருவதாகச் சொல்பவர்களின் பழைய பேச்சைத் தேதியோடு எடுத்துப் போட இரண்டு மொழியிலும் ஆள் வேண்டும். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் செய்தி சேகரிக்கும் நிருபர்களே, அடுத்த தேர்தலில் வேட்பாளரிடம் சாதி வாக்கைப் பற்றிக் கேட்காதீர்கள். போன முறை அவர் சொன்னதை அவர் முன் படித்துக் காட்டுங்கள். பதில் வராவிட்டால் அதையே முதல் பக்கத்தில் போடுங்கள்.