அடுத்து வருபவருக்காக ஒரு வரி

தறிச்சத்தம் கேட்கும் அம்மையார்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குத் தானாக அழைப்பைப் பிரித்துத் தரும் தொலைபேசி வேண்டும் என்று வையுங்கள். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் ‘தமிழுக்கு 1, தெலுங்குக்கு 2’ என்றுதான் தொடங்க வேண்டும். மார்க் ஸ்பென்சர் 1999-இல் தொடங்கிய ‘ஆஸ்டரிஸ்க்’ என்ற கட்டற்ற மென்பொருளை ஏற்றினால், சின்னக் கடைக்கு ஒரு பழைய கணினியே போதும். எந்த எண்ணை அழுத்தினால் எங்கே மணி அடிக்கும் என்பதைச் சாதாரண எழுத்துக் கோப்பில் வரிவரியாக எழுதுகிறோம். தொல்லையும் அங்கேதான். முன்பெல்லாம் ஒவ்வொரு வரிக்கும் 1, 2, 3 என்று கையால் எண் போட வேண்டும். நடுவில் ஒரு வரியை நுழைத்தால் கீழுள்ள எண்களையெல்லாம் திருத்த வேண்டும். பிறகு ‘அடுத்தது’ என்று பொருள்படும் ‘n’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து அந்த வேலையை ஒழித்தது. வரிக்குப் பெயர் சூட்டும் வசதியும் வந்தது. அப்படியிருக்க, ‘17-ஆம் வரிக்குத் தாவு’ என்று ஏன் எழுத வேண்டும்? ‘கடை மூடிய நேரம்’ என்று பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும்? அரைப்புள்ளிக்குப் பின்னால் எழுதும் குறிப்பை இயந்திரம் படிக்காது. அது முழுக்க மனிதருக்கான இடம். அதைக் காலியாக விடுவது சிக்கனமல்ல, சோம்பல். ஞாயிறு இரவில் தொலைபேசி நின்றுபோனால், கோப்பைத் திறப்பவர் அதை எழுதியவராக இருக்கமாட்டார். அறுந்த இழை எது என்று அவருக்குச் சட்டெனத் தெரிய வேண்டும். அவருக்காக எழுதுங்கள்.