கீழிருந்து பார்த்தால்தான் காட்ஸில்லா

காட்ஸில்லா பெயரில் வீடியோ கேம் என்றால், அந்த மிருகமாகவே மாறி நகரத்தை மிதித்து நொறுக்கலாம் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். டோஹோ நிறுவனம் 1988இல் நிண்டெண்டோவுக்கு வெளியிட்ட ஆட்டம் அந்த ஆசையைத்தான் நிறைவேற்றியது. காட்ஸில்லாவும் ராட்சத அந்துப்பூச்சியான மோத்ராவும் நம் கையில், அழிப்பதற்குக் கிரகம் கிரகமாகக் களம். 1992இல் அமெரிக்காவில் வந்த ‘காட்ஸில்லா 2: வார் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்’ நம்மை எதிர்ப்பக்கத்தில் உட்கார வைத்தது. இதில் ஆடுபவர் ராணுவத் தளபதி. வரைபடத்தில் டாங்கிகளையும் விமானங்களையும் கப்பல்களையும் முறைவைத்து நகர்த்தி, வந்துகொண்டிருக்கும் மிருகத்திடமிருந்து நகரங்களைக் காக்க வேண்டும். மந்தமான ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட இதுதான், காட்ஸில்லா யார் என்பதை முந்தைய ஆட்டத்தைவிடச் சரியாகப் புரிந்துகொண்டது என்பேன்.

1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல், ‘லக்கி டிராகன்’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மீதும் படிந்தது. செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். நவம்பர் 3 அன்று இஷிரோ ஹோண்டாவின் ‘காட்ஸில்லா’ திரைக்கு வந்தது. அதன் தொடக்கமே கடலில் ஒரு கப்பல் அழிவதுதான். படம் நெடுகிலும் நாம் நிற்பது தரையில். உண்மையை மக்களிடம் சொல்வதா மறைப்பதா என்று அதிகாரிகள் முன்னால் சண்டை நடக்கிறது, பீரங்கிகள் பயனற்றுப் போகின்றன, மருத்துவமனைத் தரையில் காயம்பட்டவர்கள் வரிசையாகக் கிடக்கிறார்கள். மிருகத்தின் கண் வழியாக இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அந்த மருத்துவமனைக்கு அதில் இடமே இருந்திருக்காது.

வியூக ஆட்டத்தின் இயல்பு தரையில் நின்று பார்க்கும் இந்தப் பார்வைக்குப் பொருந்துகிறது. ஒரு படையை நகர்த்திவிட்டு, எதிரி எந்தப் பக்கம் திரும்பப்போகிறான் என்று கைகட்டிக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் அச்சம் இருக்கிறது. இயந்திரத்தின் வரம்பும் இங்கே ஒரு காரணம். அந்த நிண்டெண்டோவில் திரையின் ஒரு கிடைவரியில் 8 ஸ்பிரைட்டுகளுக்கு (நகரும் சிறு உருவத் துண்டுகளுக்கு) மேல் தெரியாது. ஒவ்வொன்றும் 8 புள்ளி அகலம், திரையின் அகலமோ 256 புள்ளி. ஸ்பிரைட்டுகளை மட்டும் நம்பினால், ராட்சத உடல் கால் பங்குத் திரையைத் தாண்டாது. ஆனால் வரைபடத்தில் ஒரு சிறு குறியைத் தடுக்க எத்தனை படைகளைப் பலிகொடுக்க வேண்டியிருக்கிறது என்று காட்டிவிட்டால், அதன் பிரம்மாண்டம் தானாக மனத்தில் எழுகிறது.

இதை மறுப்பவர்கள் வலுவான குறை ஒன்றைச் சொல்வார்கள். மோதலின் முடிவைச் சூதாட்ட இயந்திரம்போலச் சுழலும் சக்கரங்கள் தீர்மானிக்கின்றன. கவனமாகத் தீட்டிய திட்டம் ஒரு சுழற்சியில் வீணாகிறது. இந்தக் குறையை நானும் ஏற்கிறேன். அதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்தது வடிவமைப்பின் பிழைதான். ஆனாலும் அது சக்கரத்தின் பிழை, தளபதியின் நாற்காலியைத் தேர்ந்தெடுத்ததன் பிழை அல்ல. குழந்தைகளுக்கு மிருகமாக மாறுவதுதான் பிடிக்கும் என்ற வாதமும் உண்டு. பிடிக்கட்டும், அப்படிப்பட்ட ஆட்டங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் தோற்கும் தரப்பில் நின்று யோசிக்கும் பொறுமை குழந்தைகளுக்குக் கிடையாது என்று முன்கூட்டியே முடிவுகட்டுவது அவர்களைக் குறைத்து மதிப்பதாகும்.

இந்தப் பார்வைக்குப் பொதுமக்களிடம் வரவேற்பு இருக்காது என்போருக்கு, ஹிடேயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் 2016இல் இயக்கிய ‘ஷின் காட்ஸில்லா’வே பதில். கூட்டங்களும் கோப்புகளும் ஆணைகளுமாக நகரும் அந்தப் படம் ஜப்பானிய அகாடமியின் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது. அதில் மிருகத்தை நிறுத்த இன்னொரு மிருகம் வருவதில்லை. வெடிமருந்து ஏற்றிய ரயில்கள் வருகின்றன, உறையவைக்கும் திரவத்தை அதன் வாயில் செலுத்தும் பம்ப் லாரிகள் வருகின்றன, எதை எப்போது அனுப்புவது என்று தூக்கமில்லாமல் கணக்குப் போட்டவர்களின் திட்டம் அவற்றின் பின்னால் இருக்கிறது.